பன்னிரண்டாம் மலைப் பால்

“மூணு நாளா மழை. மலைக்கே போகல. அப்புறம் எங்கருந்துடீ கையில பாலு?”

“அசையாம இரு அக்கா. பழைய பாலா இருக்கும். ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட.”

“சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவுனேன். புறங்கையப் பாரு. மடக்க மடக்க இழுக்குது.”

பிரேமலதா தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் கையில் பால் காய்ந்து மெல்லிய ஏடாகப் படிந்திருப்பது தோட்டத்தில் ஒரு விஷயமே இல்லை. வேலை விட்டு வந்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே அதை உருட்டி உருட்டி எடுத்துப் போடுவார்கள். ஆனால் மருதாயியின் கையில் ஏடு எதுவும் தெரியவில்லை. தோல்தான் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மினுமினுப்பாக, நகக்கண் வரைக்கும் யாரோ இழுத்துக் கட்டியது போல.

“ஒண்ணும் இல்லக்கா.”

“உனக்கு ஒண்ணும் இல்ல. நாலு நாளா நாற்காலியில உக்கார வச்சிருக்க, மூஞ்சிய இன்னும் வரையக்கூட இல்ல. மூஞ்சி இல்லாத படத்துக்கு நான் எதுக்குடீ? ஒரு மூட்டைய வச்சிருக்கலாம்.”

“மூட்ட உன்ன மாதிரி வாயாடாது.”

மருதாயி சிரித்தாள். சிரிப்பு ஒரு கன்னத்தில் வந்தது. மற்றக் கன்னம் அப்படியே நின்றது. பிரேமலதா அதைப் பார்த்தாள். மழை வெளிச்சம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கஹவத்தைக்கு மேலே, பஸ் போகும் பாதையிலிருந்து ரப்பர்க் காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால் வரும் பழைய குவாட்டர்ஸ் அது. முன்னறையில் பிரேமலதா படம் வரைந்தாள். பின்னறையில் அக்காவும் தங்கையும் படுத்தார்கள். மருதாயியின் புருஷன் கொழும்பில் ஒரு கடையோடு தங்கிவிட்டிருந்தான். அம்மா அப்பா போனபிறகு மருதாயி பதினைந்து வயதில் வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தாள். தங்கை பள்ளிக்கூடம் போனாள், பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள், பிறகு சித்திர டீச்சராகத் திரும்பி வந்தாள். இதை மருதாயி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததாலேயே பிரேமலதாவுக்கு அது மறக்காமல் இருந்தது. இரத்தினபுரியில் மாவட்ட ஓவியர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சியில் ஆறு படங்களுக்கு இடம் கிடைத்ததும், ஆறாவது அக்காதான் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். ஆளுயரம். நாலு தடித்த கடதாசிகளைப் பின்பக்கம் ஒட்டிச் சேர்த்து, சுவர் முழுக்க அடித்து வைத்திருந்தாள். மற்ற ஐந்தும் ஏற்கெனவே கஹவத்தை டவுனில் ஸம்சுதீன் நானாவின் கடையில் கண்ணாடி போட்டுக் காத்திருந்தன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வரும்.

அவள் வேலை செய்யும் முறை வேறு யாருக்கும் கிடையாது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது கடதாசியின் வெள்ளைதான். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே நிறம் படாமல் காப்பாற்ற வேண்டும். அதற்கென்று கொழும்புக் கடைகளில் சின்னப் போத்தலில் ஒரு திரவம் விற்பார்கள். அதுவும் ரப்பர் பால்தான் என்று தெரிந்த நாளிலிருந்து பிரேமலதா மரத்துப் பாலையே எடுத்தாள். உறையாமல் இருக்க நாலு சொட்டு அமோனியா. தூரிகையால் பூசிக் காயவிட்டு, மேலே காட்டையும் இருட்டையும் மழையையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றி வரையலாம். கடைசியில் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் பால் ஏடாக உரிந்து வரும். அடியில் கடதாசி, பிறந்த குழந்தையின் உள்ளங்கை மாதிரி, சுத்தமாக இருக்கும்.

இந்தமுறை பால் பன்னிரண்டாம் நம்பர் மலையிலிருந்து வந்தது. அடுத்த வருஷம் பழைய மரங்களைப் பிடுங்கப் போகிற மலை. இனி உயிரோடு இருக்கத் தேவையில்லாத மரங்கள் என்பதால், அவற்றை வெட்டுவதற்கு ஒரு கணக்கும் கிடையாது. ஒரு பக்கம் பட்டையை ஆறவிட்டு மறுபக்கம் வெட்டுவதெல்லாம் மற்ற மலைகளுக்கு. இங்கே நாலு பக்கமும், வேரடியிலிருந்து ஏணி வைத்து எட்டும் உயரம் வரைக்கும், பட்டை மிச்சம் இல்லாமல் வெட்டி, பால் இன்னும் ஓடட்டும் என்று காயத்தில் மருந்தும் பூசுவார்கள். போத்தலைக் கொண்டுவந்து கொடுத்த அன்று மருதாயி ஒன்று சொன்னாள். மற்ற மரங்களில் வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஒரு மரத்தில் மட்டும் பின்னேரம் வரை நிற்கவேயில்லை. சிரட்டை நிறைந்து வழிந்தது, அதனால்தான் தங்கைக்குப் போத்தல் நிறையக் கிடைத்தது. அந்த மரத்தை அவள் மட்டும் முப்பது இடத்தில் வெட்டியிருந்தாள்.

பிரேமலதா அந்தப் பாலைப் படத்து அக்காவின் கையிலும், முழங்கையிலும், கழுத்திலும், முகம் முழுக்கவும் பூசியிருந்தாள். நாலு நாள் ஆகியும் அது காய்ந்து மஞ்சளாகவில்லை. வெளிறிய ஒரு சதை நிறத்தில் நின்றது. அமோனியாவின் நெடிக்கு அடியில், இறைச்சிக் கடை வாசலை விடிகாலையில் கழுவி ஊற்றும்போது வருமே, அந்த ஈர இரும்பு வாடை மெல்ல மெல்ல அறையில் ஏறிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. சொட். நிறுத்தம். சொட். கூரை ஒழுகுகிறது என்று வாளியைக் கொண்டுவந்து சுவரடியில் வைத்தாள். வாளி நனையவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், பால் ஒழுங்காக உரிகிறதா என்று பார்க்க, படத்து முழங்கையில் ஒரு காசு அளவு துண்டை மட்டும் நகத்தால் கிளப்பி எடுத்தாள். அடியில் வெள்ளை இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, நூல் நூலாக ஏதோ இருந்தது. சிவப்பு வண்ணம் உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த துண்டு சூடாக இருந்தது. அதில் இரண்டு மூன்று மெல்லிய மயிர்கள் நட்டுக்கொண்டு நின்றன. தூரிகை மயிராக இருக்கும்.

மறுநாள் காலையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த மருதாயியின் முழங்கையில் ஒரு புண் இருந்தது. வட்டமாக. ஒரு காசு அளவு. தோல் இல்லை.

“எங்கயோ ஒரசிட்டேன் போல,” என்றாள் மருதாயி. “எரியக்கூட இல்ல. காத்துப் பட்டாத்தான் ஒரு மாதிரி இருக்கு.”

பிரேமலதா படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் புத்தி என்பது விசித்திரமானது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்ட அதே நொடியில் அதை மறுக்க நூறு காரணங்களைத் தேடி எடுத்து முன்னால் பரப்பிவிடுகிறது. அக்கா கதவில் இடித்திருப்பாள். வேலை செய்கிற கைகளுக்குப் புண் வருவது வழக்கம்தான். ஸம்சுதீன் நானா போனில் கூப்பிட்டு, பெரிய படத்துக்குச் சட்டம் ரெடி, வேனோடு தானே வந்து வீட்டிலேயே பூட்டித் தருவதாகச் சொன்னார். படங்களின் பட்டியலை அச்சடித்தாகிவிட்டதாம். அட்டையில் டீச்சரின் பெயர்தானாம், சிங்களத்திலும் தமிழிலும். நாளைக்குக் காலை பத்து மணி. கைகளையும் முகத்தையும் உரித்து, இன்று இரவுக்குள் வரைந்து முடிக்க வேண்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு மருதாயி குசினியில் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். சர்க், சர்க் என்று அந்தச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பிரேமலதா படத்தின் முன்னால் நின்றாள். ஒரே ஒரு விரல். இடது கைச் சுண்டு விரல் மட்டும். ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, மனதை அடக்கிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். அவள் தன்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். விரல் நுனியில் நகத்தை வைத்துக் கிளப்பினாள். ஏடு எழுந்தது. இழுத்தாள்.

குசினியில் தேங்காய்ச் சத்தம் நின்றது.

அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் ஏட்டைப் பாதியில் விட்டால் கடதாசி கிழியும், ஓரம் பிசிறும். பதினொரு வருஷமாக அவள் கை பழகியது அதுதான். கைக்கு யோசிக்கத் தெரியாது. இரண்டாம் கணு. மூன்றாம் கணு. ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற அந்தச் சத்தம் அவள் விரலடியில் கேட்டது. அவளுக்குப் பின்னால், குசினியிலும் கேட்டது.

அவள் உள்ளங்கையில் ஒரு சின்ன உறை கிடந்தது. அதன் நுனியில் நகம் இருந்தது.

“லதா. இங்க வாயேன்.” மருதாயியின் குரல் மிகவும் மெதுவாக, ஏதோ கூச்சப்படுவது போல வந்தது. “இதப் பாரேன்.”

துருவலில் கால் வாசி சிவப்பாகிவிட்டிருந்தது. மருதாயி இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, தன் சுண்டு விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்களின் வெள்ளை தெரிந்தது. நரம்பு தெரிந்தது. விரல் தானாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுவிட்டார்கள். ரப்பர் ஷீட் போடுகிற அசிட் பட்டிருக்க வேண்டும், விடிந்ததும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பிரேமலதா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் படத்தின் மேல் படுக்கை விரிப்பை எடுத்து ஆணி அடித்து மூடினாள். ஸம்சுதீன் நானாவைக் கூப்பிட்டு, ஆறாவது படம் வராது என்றாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டார், பிறகு சரி டீச்சர், காலையில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். கண்காட்சி அவளுக்கு எங்கோ தூரத்தில் யாருக்கோ நடக்கும் கலியாணம் போலத் தெரிந்தது. இனி அந்தப் படத்தை யாரும் தொடக்கூடாது. உரிக்காமல் விட்டால் போதும். அக்கா பிழைத்துக்கொள்வாள்.

பால் தானாகவே இறுகும் என்பதை அவள் அந்தப் பயத்தில் யோசிக்கவில்லை. பூசிய பாலை நாள் கணக்கில் விட்டால் அது சுருங்கும். சுருங்கச் சுருங்க அடியில் இருப்பதைப் பிடித்து இழுக்கும்.

வியாழக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. மரங்களுக்கு இடையில் பனிப்புகை நின்றது. ஸம்சுதீன் நானாதான் கூப்பிட்டார். கீழ் வளைவில் இரவு மண் சரிந்துவிட்டதாம். வேன் வராது, பஸ் வராது, த்ரீவீல் ஆட்டோ கூட ஏறாது. மத்தியானத்துக்குள் வெட்டித் தள்ளிவிடுவார்களாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னறையிலிருந்து மருதாயி கேட்டாள்:

“லதா, ஏன் இன்னும் லைட் போடல?”

சன்னல் திறந்துதான் இருந்தது. வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

அவள் கண்கள் மூடியிருக்கவில்லை. மூடுவதற்கும் திறப்பதற்கும் அங்கே ஒன்றும் இல்லை. இமைகளின் ஓரம் கன்னத்தோடு ஒட்டி ஒரே தளமாகப் போயிருந்தது. அதற்கு அடியில் இரண்டு விழிகள் உருண்டன, துணிக்குள் அகப்பட்ட குருவிகள் போல. புருவங்கள் மழுங்கியிருந்தன. மூக்குத் துவாரங்கள் இரண்டு கோடுகளாகச் சிறுத்திருந்தன. மூச்சு இழுக்கும்போது உள்ளே குழிந்து, விடும்போது சீழ்க்கையடித்தன. வாய் மட்டும் இன்னும் இருந்தது. அதுவும் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது.

பிரேமலதா ஓடிப்போய் விரிப்பைக் கிழித்து இழுத்தாள்.

படத்தில் முகம் இருந்தது. அவள் வரையாத முகம். பால் ஏடு இறுகி, அடியிலிருந்த எலும்புகளின் மேல் படிந்து, நெற்றியும் கன்னமும் தாடையும் சுவரிலிருந்து எழும்பி நின்றன. அது மூச்சு விட்டது.

தண்ணீர். ஊறவைத்தால் இளகும். குவளையில் இருந்த அழுக்குத் தண்ணீரை எடுத்துப் படத்து முகத்தில் அப்படியே வீசினாள். பின்னறையில் மருதாயி மூச்சடைத்து இருமினாள். ஆற்றில் முங்கியவள் போலத் துள்ளினாள். வாய் ஓரத்தில் நீலமும் கறுப்புமாக வண்ணத் தண்ணீர் வழிந்தது. பிரேமலதா தன் முந்தானையால் படத்தைத் துடைத்தாள், துடைத்தாள். இருமல் நின்றது. நின்ற பிறகு சீழ்க்கைச் சத்தமும் நின்றது.

வாய் மூடிவிட்டிருந்தது.

பிளேடு. பென்சில் சீவும் பிளேடு.

படத்தில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வெட்டினாள். ஏடு பிளந்தது. பின்னறையில் மருதாயி காற்றை இழுத்த சத்தம் வீட்டையே இழுப்பது போல வந்தது. பிரேமலதா ஓடிப்போய்ப் பார்த்தாள். கீழுதடு பிளந்திருந்தது. பல் தெரிந்தது. இரத்தம் வந்தது, பிறகு இரத்தத்தோடு வேறொன்றும் வந்தது. வெள்ளையாக. கெட்டியாக. வெட்டின கோட்டிலிருந்து ஊறி, ஓரமாகத் திரண்டு, தாடையில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே உறைந்தது. பிளவு மறுபடி மூடியது.

திரும்பவும் ஓடினாள். கொஞ்சம் மேலே வெட்டினாள். மூச்சு. பால். மூடியது.

அதற்கு மேலே. சரிவாக. மூச்சு. பால்.

கன்னத்தில். மூக்கடியில். தாடையில். எத்தனை வெட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு. அவள் கை முழுக்க வழுக்கியது. பிளேடு அவள் விரலையும் வெட்டியிருந்தது. எது யாருடைய இரத்தம் என்று தெரியவில்லை. வாளி நிறைந்துகொண்டிருந்தது. சொட், சொட், சொட். இப்போது நிறுத்தம் இல்லை.

போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

இன்னொரு வெட்டுக்குக் கை எடுத்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. கட்டுப் போட்ட கை.

மருதாயி சுவரைத் தடவித் தடவி வந்திருந்தாள். அவள் முகத்தில் கிழிக்காத இடம் இல்லை. நெற்றியிலிருந்து கழுத்து வரை சாய்ந்த கோடுகள், கோட்டுக்குக் கோடு பால், மார்பில் வழிந்து சேலையை நனைத்து, தரையில் சொட்டி. அதற்குள் இரண்டு விழிகள் மட்டும் தங்கை நிற்கும் பக்கமாக உருண்டு நின்றன. கடைசி வெட்டு இன்னும் மூடவில்லை. அதன் வழியாக மூச்சு வந்தது, போனது.

அவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிளேடை விரல்களிலிருந்து பிரித்தெடுத்துக் கீழே போட்டாள். பிறகு அந்த வெறும் கையைத் தூக்கி, படத்துக்குக் கொண்டுபோய், காதடியில் ஏடு தானாகவே கிளம்பி நின்ற ஓரத்தில் வைத்தாள். ஓரம் துடித்தது. மருதாயியின் காதடியிலும் அதே ஓரம் எழும்பி நின்றது, மூச்சுக்கு மூச்சு திறந்து மூடிக்கொண்டு. உள்ளே சிவப்பு.

பிரேமலதா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அக்காவின் பிடி விடவில்லை. இருபத்தைந்து வருஷம் கத்தி பிடித்த பிடி அது.

வெட்டின் இரு பக்கத்திலிருந்தும் பால் ஊறி நடுவில் கூடிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த இடைவெளியில், உதடில்லாமல், நாக்கால் மட்டும் மருதாயி பேசினாள்.

“எடுத்துருடீ, லதா. கை நடுங்காம எடுத்துரு.”